குருவி தொட்ட சோறு

மார்ச் 29

டொக்டர் எழுதச் சொன்னார். மருந்து கேட்டுப் போனவனைக் கொப்பி வாங்கச் சொல்லும் டொக்டரை இந்த நாட்டில்தான் கண்டேன். "மனதில் இருப்பதை எழுதுங்கள், மிஸ்டர் நவரத்தினம்." இன்றைக்கு என் மனதில் இருந்தது இதுதான்: பின்வளவில் பனி உருகிவிட்டது, பறவைப் பெட்டிகள் இரண்டையும் துப்புரவாக்க வேண்டும். சரி, அதையே எழுதுகிறேன்.

பெட்டிகள் தம்பி செய்தவை. எங்கள் ஒரே மகனை நானும் பவளமும் பிறந்த நாளிலிருந்து தம்பி என்றுதான் கூப்பிட்டோம். ஆரூரன் என்ற பெயர் பள்ளிக்கூடத்துக்கும் பாஸ்போர்ட்டுக்கும். போன நவம்பரில், முதல் பனி விழுந்த காலையில், வேலைக்குப் போகும் வழியில் நெடுஞ்சாலைப் பாலத்தடியில் காரோடு போய்விட்டான். இதற்கு மேல் அதைப் பற்றி எழுதமாட்டேன். டொக்டர் கேட்டாலும் எழுதமாட்டேன்.

அவனுக்கு ஒரு பறவையில் பைத்தியம். நீல முதுகு, வெள்ளை வயிறு, உள்ளங்கைக்குள் அடங்கும். குளிர் முடியத் தெற்கேயிருந்து வரும். பட்ட மரப் பொந்தில்தான் குடியிருக்கும், தானாகப் பொந்து தோண்டத் தெரியாது. இங்கே வீடு கட்டுகிறவர்கள் பட்ட மரத்தை முதலில் வெட்டிவிடுகிறார்கள். அதனால்தான் பெட்டி. தமிழில் தகைவிலான் என்று பெயராம், களைப்பில்லாதவன் என்று அர்த்தமாம். தம்பி தேடிப் பிடித்துச் சொன்னான். என் வாய்க்குள் அது நுழையவில்லை. நான் நீலன் என்று வைத்தேன், அதுவே நிலைத்துவிட்டது.

பெட்டிக்குள் போன வருடத்துக் கூடு அப்படியே கிடந்தது. காய்ந்த புல், வெள்ளைச் சிறகுகள், நடுவில் பொரிக்காத முட்டை ஒன்று. "என்னது அது?" என்று பவளம் கதவடியில் நின்று கேட்டாள். "ஒண்டுமில்லை" என்று சட்டைப் பைக்குள் போட்டேன். ஏணியால் இறங்கும்போது நசிந்துபோயிற்று.

ஆணி வாங்கப் பஸ்ஸில் போய் வந்தேன். என் கார் பற்றரி இறங்கிக் கிடக்கிறது.

ஏப்ரல் 6

மறுபடி பனி. பவளம் இன்றும் சாப்பிடவில்லை.

மத்தியானம் சமைத்து முடிந்ததும், ஒரு பிடி சோறும் கறியும் சின்னக் கோப்பையில் போட்டு, பின்படிக் கைப்பிடிக் கட்டையில் வைப்பாள். காகம் வந்து தொட்டால் தம்பி சாப்பிட்டான் என்று கணக்கு. அதன் பிறகுதான் தான் சாப்பிடுவாள். மற்றச் சனம் இதைத் திவசத்துக்கும் அமாவாசைக்கும் செய்யும். இவள் நவம்பரிலிருந்து தினமும் செய்கிறாள். இந்த நாட்டுக் காகம் கடைத்தெருவில் உருளைக்கிழங்குப் பொரியல் பொறுக்குகிறது, எங்கள் புழுங்கலரிசிச் சோற்றைத் திரும்பியும் பார்க்காது. வருவது அணில். அணில் சரிவராதாம். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் நிற்பாள், நிற்பாள், பொழுது சாயும். பிறகு வெறும் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் படுத்துவிடுவாள். கையில் காப்பு முழங்கை வரைக்கும் ஏறுகிறது.

இன்று எனக்குப் பொறுக்கவில்லை. "காகம் வராட்டி நீர் சாகப்போறீரே?" என்று கத்திவிட்டேன்.

"பிள்ளை பசியோடை நிக்கிறான். நான் எப்பிடித் திண்ணுறது?" என்றாள்.

ஏப்ரல் 15

நீலன் வந்துவிட்டான்! பக்கத்து வீட்டுக் கிழவி டோறிஸ்தான் வேலிக்கு மேலால் கூப்பிட்டுக் காட்டினாள். அவளும் தம்பியும் போன வருடம் முழுக்க இதே வேலையாக இருந்தவர்கள். தெற்குப் பெட்டியின் மேல் உட்கார்ந்து, இது என் வீடு, கேட்க யார் இருக்கிறார்கள் என்பதுபோலச் சுற்றிப் பார்த்தான்.

"ஆரூரன் இருந்திருந்தால்..." என்று தொடங்கினாள் டோறிஸ். எனக்கு அவசரமாகக் குசினிக்குள் வேலை வந்துவிட்டது.

ஏப்ரல் 22

தெருமுனைப் பண்ணையில் பழைய வைக்கோல் கொட்டிலை இடித்துத் தள்ளிவிட்டார்கள். அதற்குள் குடியிருந்த குருவிக் கூட்டம் தெருவெல்லாம் அலைகிறது. ஊரில் முகட்டு வளையில் கூடு கட்டுமே, அதே சிட்டுக்குருவி. கழுத்தில் கறுப்புப் பட்டி, அதே கீச்சு.

இரண்டு வந்து எங்கள் கட்டையில் குந்தின. ஒன்று கோப்பைக்குள் இறங்கிச் சோற்றைக் கொத்தியது.

"இஞ்சாருங்கோ! ஓடி வாங்கோ!" நான் எங்கேயோ நெருப்புப் பிடித்துவிட்டது என்று பயந்து ஓடிப் போனேன். பவளம் கண்ணாடியில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றாள். "சாப்பிடுறான். பாருங்கோ, பருப்பை விட்டிட்டுச் சோத்தை மட்டும் தெரிஞ்சு சாப்பிடுறான். அவன்ரை பழக்கமெல்லே அது!"

மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டாள். இரண்டாம் முறையும் சொதி விட்டுக்கொண்டாள். நான் சாப்பிடாமல் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். வயிறு நிறைந்துவிட்டது.

ஏப்ரல் 30

பிரச்சினை.

தம்பி போன வருடம் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. "அப்பா, உது குருவி இல்லை, ரவுடி. பெட்டிக்குள்ளை போச்செண்டால் நீலன்ரை மண்டையைக் கொத்திச் சாகடிச்சுப்போடும்." இந்த நாட்டுப் பறவையில்லையாம், யாரோ கப்பலில் கொண்டுவந்து விட்டதாம். அப்போது ஒரு குருவி வடக்குப் பெட்டியில் புல் அடைத்தது. தம்பி அதை இழுத்து எறிந்தான். குருவிக் கூட்டைக் கலைக்கிறவன் விளங்குவானா என்று பவளம் அவனைத் திட்டி, இரண்டு நாள் முகம் கொடுக்கவில்லை.

இன்று அந்தக் கறுப்புக் கழுத்தன் மறுபடி வடக்குப் பெட்டியில் நிற்கிறான், வாயில் புல். பவளத்துக்குத் தலைகால் தெரியாத சந்தோசம். "தான் கட்டின வீட்டுக்குத் தானே குடி வாறான்" என்றாள்.

டோறிஸ் வேலியடியில் என்னைப் பிடித்துக்கொண்டாள். "சோறு போடுவதை நிறுத்து. இல்லாவிட்டால் அந்தக் கூட்டைக் கழற்று. இரண்டும் செய்யாவிட்டால் நீலன் சாகும். உனக்குத் தெரியும்."

எனக்குத் தெரியும். சோற்றை நிறுத்தினால் குருவி போய்விடும். குருவி போனால் பவளம் சாப்பிடமாட்டாள். "அது எங்கள் சமயம்" என்று சொல்லிவிட்டு வந்தேன். கிழவிக்குக் கோபம்.

மே 3

முந்தாநாள் எல்லோருக்கும் பொதுவாக ஒரு தீர்ப்புச் சொன்னேன். மிஞ்சிக் கிடந்த பலகையில் மூன்றாவது பெட்டி அடித்து, குசினி ஜன்னலுக்குப் பக்கத்தில் குருவிக்கென்று மாட்டினேன். வடக்குப் பெட்டியின் வாயை அடைத்துவிட்டேன். குருவி மறுநாளே புதுவீட்டுக்கு மாறிவிட்டது. ஆளுக்கொரு வீடு, சண்டை முடிந்தது. இருபத்தாறு வருடம் பஸ் ஓட்டினவன், நெரிசலில் சனத்தை எப்படி இருத்துவது என்று எனக்குத் தெரியாதா?

டோறிஸ் பெட்டியைப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தாள்.

மே 12

நீலனுக்குக் கூட்டில் விரிக்க வெள்ளைச் சிறகு வேண்டும். தம்பி குளக்கரையில் வாத்துச் சிறகு பொறுக்கி வந்து காற்றில் விடுவான். நானும் பொறுக்கி வந்தேன். ஒன்றை மேலே விட்டால், எங்கிருந்தோ வந்து நிலத்தில் விழமுதல் கவ்விக்கொண்டு போகிறது.

திரும்பிப் பார்த்தால் பவளம் படியில் நிற்கிறாள், வீட்டுச் செருப்போடு. நவம்பருக்குப் பிறகு வளவுக்குள் இறங்கியதில்லை. "தாங்கோ பாப்பம்" என்று ஒரு சிறகை வாங்கி, உள்ளங்கையில் வைத்து ஊதினாள். நீலனின் பெண்சாதி அதைப் பவளத்தின் தலைக்கு மேலேயே பிடித்தது. "அடி கள்ளி!" என்று சிரித்தாள்.

அவள் சிரித்தாள் என்பதை நாளைக்கும் நான் நம்ப வேண்டும். அதற்காக எழுதி வைக்கிறேன்.

மே 21

தெற்குப் பெட்டியில் ஐந்து முட்டை. பாற்பற்கள்போல வெள்ளை.

ஜூன் 6

குருவிக் குஞ்சுகள் பறந்துவிட்டன. நேராகச் சோற்றுக் கோப்பையில் வந்து விழுந்து வாயைப் பிளக்கின்றன. பவளம் இப்போது இரண்டு பிடி வைக்கிறாள், பேரப்பிள்ளைகள் கணக்கில். அவளுக்குக் கன்னம் கொஞ்சம் வைத்திருக்கிறது.

நீலனின் முட்டைகளும் பொரித்துவிட்டன. ஐந்தும். இன்று மட்டும் எங்கள் வளவில் ஒரு குறையுமில்லை.

ஜூன் 9

கறுப்புக் கழுத்தன் அடுத்த கூட்டுக்குத் தெற்குப் பெட்டியில் கண் வைத்துவிட்டான். அவனுக்கென்று அடித்துக் கொடுத்த வீடு சும்மா கிடக்கிறது, அது வேண்டாமாம். நீலனின் பெண்சாதி குஞ்சுகளை விட்டு வெளியே வரப் பயந்து, வாசலில் தலையை நீட்டிக்கொண்டிருக்கிறது. நான் செடிக்குத் தண்ணீர் விடுகிற குழாயோடு காவல் நின்றேன்.

"என்னத்துக்கு அதுகளை விரட்டுறியள்?" என்றாள் பவளம்.

"சும்மா. வெக்கையா இருக்கெண்டு."

"பாவம், விடுங்கோ. சாப்பிட வந்ததுகள்."

அப்போதே சொல்லியிருக்கலாம். கையில் கோப்பையோடு நின்றாள், உதட்டில் சொதி ஒட்டியிருந்தது. குழாயை மூடிவிட்டேன்.

ஜூன் 12

தம்பி பிறந்த நட்சத்திரம். ரொறொன்ரோவில் கோயிலுக்குப் போய் அர்ச்சனை செய்தோம். பஸ் மாறி மாறிப் போய்வர நாள் முழுக்கப் பிடித்தது. காரில் போயிருந்தால் மத்தியானத்துக்கு முன்னமே திரும்பியிருப்போம். பற்றரி இறங்கிக் கிடக்கிறதே, நான் என்ன செய்ய? பவளம் போக முன்னமே சோறு வைத்துவிட்டுத்தான் வந்தாள், வழமையைவிடக் கூட.

வந்து பார்த்தால் தெற்குப் பெட்டியின் மேல் கறுப்புக் கழுத்தன் நின்று கீச்சிடுகிறான். அந்தச் சத்தத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. பவளம் சேலை மாற்ற உள்ளே போனதும் போய்ப் பெட்டியைத் திறந்தேன். தாய் செட்டையை விரித்தபடி கிடந்தது. தலையில் கொத்தாத இடமில்லை. தூக்கினேன். மூன்று குஞ்சு செத்திருந்தன. மற்ற இரண்டும் தாயின் வயிற்றுக்குக் கீழே இருந்தன, உயிரோடு. என் கை நிழல் பட்டதும் சாப்பாடு என்று நினைத்து வாயைத் திறந்தன.

செத்ததுகளை ரோசாச் செடியடியில் குழி தோண்டித் தாட்டேன். குருவியின் பெட்டியைக் கழற்றிக் கராஜுக்குள் எறிந்தேன். பவளத்திடம் ஒன்றும் சொல்லவில்லை.

ஜூன் 13

பவளம் சோறு வைத்தாள். குருவி வந்தது. பவளம் சாப்பிட்டாள். நானும் சாப்பிட்டேன். நீலன் தனியாக இரை கொண்டு வந்துகொண்டிருந்தான்.

ஜூன் 14

"இஞ்சாருங்கோ, நீலன்ரை பெண்சாதி எங்கை?"

"எங்கையும் பறந்திருக்கும்."

"பொய் சொல்லாதேங்கோ. நேற்று முழுக்கப் பாத்தனான், ஒண்டுதான் வந்து வந்து போகுது. ரோசாவடியிலை மண் கிளறிக் கிடக்கு." கரண்டியைக் கீழே வைத்தாள். "குருவிதானே?"

நான் குழாயைத் திறந்து கை கழுவினேன்.

"தம்பி சொன்னவன். போன வருசமே சொன்னவன். அவனை நான்தான் ஏசினனான்." பிறகு, "என்ரை சோத்துக்குத்தானே அதுகள் வந்தது?"

"பவளம்..."

"ஓமெண்டு சொல்லுங்கோ."

"ஓம்" என்றேன். அடுப்பைத் திருப்பி நிறுத்திவிட்டு அப்படியே நின்றாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

மத்தியானம் கோப்பை வெளியே போகவில்லை. "சோறு வைக்கேல்லையே?" என்று கேட்டேன்.

"இல்லை. குருவியள் வேறை இடம் பாத்துப் போகட்டும். தம்பி கொஞ்ச நாளைக்குப் பசி கிடக்கட்டும். அந்த ரெண்டும் பறக்கிற வரைக்கும். அவன்ரை பறவையள்தானே, கோவிக்கமாட்டான்."

"அப்ப நீர்?"

"அவன் சாப்பிடாமல் நான் சாப்பிடுறதே? நானும் கிடப்பன்."

எவ்வளவோ கெஞ்சினேன், ஏசினேன், கோப்பையை மேசையில் குத்தினேன். கடைசியில், விரதம்போல ஒரு நேரம் பாலும் வாழைப்பழமும் எடுக்கச் சம்மதித்தாள். இனி என் வீட்டுச் சாப்பாடு அந்த இரண்டு குஞ்சின் செட்டையில் இருக்கிறது.

ஜூன் 20

மூன்றாம் நாளாக மழையும் குளிரும். பூச்சி பறக்காவிட்டால் நீலனுக்கு இரை இல்லை. காலையில் பெட்டியைத் திறந்தேன். ஒரு குஞ்சு விறைத்துச் செத்துப்போயிருந்தது. மற்றது வாய் திறக்கவும் சத்தில்லாமல் கிடந்தது.

டோறிஸிடம் ஓடினேன். மீன்தூண்டில் கடையில் உயிர்ப்புழு விற்கும், அதைச் சின்ன இடுக்கியால் ஊட்டு, பெட்டி மேல் வைத்தால் தகப்பனும் வந்து எடுத்துக் கொடுக்கும் என்றாள். அவள் கண்ணில் சத்திரசிகிச்சை செய்து கட்டோடு இருக்கிறாள், கார் ஓட்ட முடியாது. அந்தக் கடைப் பக்கம் பஸ் போவதில்லை.

கராஜில் காருக்குள் ஏறி உட்கார்ந்தேன். திறப்பைப் போட்டதும் ஒரே திருப்பில் ஸ்டார்ட் ஆகிவிட்டது. பற்றரி எப்படிச் சரிவந்தது என்று தெரியவில்லை. நெடுஞ்சாலையால்தான் போக வேண்டும். போனேன். அந்தப் பாலத்தடியால் போகும்போது முன்னாலேயே பார்த்துக்கொண்டிருந்தேன். புழு வாங்கினேன். திரும்பியும் அதே வழியால் வந்தேன்.

பவளம் குடை பிடிக்க, ஏணியில் நின்று ஒவ்வொரு புழுவாக ஊட்டினேன். நாலாவது புழுவை அது தானே இழுத்தது. "விழுங்கிட்டான்" என்றாள் பவளம். குடை என் தலைக்கு மேலே இருந்தது, அவள் முழுக்க நனைந்திருந்தாள். அவளைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது, அவ்வளவு மெலிவு.

"கார் பற்றரி எப்ப மாத்தினீங்கள்?" என்று உள்ளே வந்த பிறகு கேட்டாள்.

"சும்மா கிடந்து ஏதோ சரிவந்திட்டுது."

"ம்" என்று துவாயை என் தலையில் போட்டுத் துடைத்துவிட்டாள்.

ஜூலை 1

குஞ்சு பறந்தது. வாசலில் வெகுநேரம் இருந்து தலையைத் தலையை நீட்டிப் பார்த்தது. நீலன் முன்னால் பறந்து பறந்து கூப்பிட்டான். நாங்கள் இருவரும் படியில் மூச்சுக் காட்டாமல் இருந்தோம். ஒரு விழுகை விழுந்து, நிலத்தில் முட்டமுதல் எழும்பி, டோறிஸின் கூரைக்கு மேலால் வெட்டைவெளிப் பக்கம் போய்விட்டது. டோறிஸ் அங்கேயிருந்து கை தட்டினாள். ஐந்தில் ஒன்று.

"போயிட்டான்" என்றாள் பவளம். என் தோளில் சாய்ந்துகொண்டாள். சாய்ந்தது தெரியாத பாரம்.

ஜூலை 2

இன்று பவளம் முழுகி, தம்பிக்குப் பிடித்ததெல்லாம் சமைத்தாள். வாழைக்காய்ப் பொரியல், கத்தரிக்காய்ப் பால்கறி, பருப்பு. கோப்பையைக் கட்டையில் வைத்தாள். "தம்பி, இனி வாடா. வந்து சாப்பிடு" என்று சொல்லிவிட்டுக் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் போய் நின்றாள்.

ஒன்றும் வரவில்லை. குருவிகளுக்குச் சோறு போடும் வேறு வீடு கிடைத்திருக்கும். காகம் எப்போதும்போல வரவில்லை. அணிலைக்கூடக் காணவில்லை. பால்கறியில் ஆடை படர்ந்தது. பவளம் அசையாமல் நின்றாள். கொஞ்சம் பிந்திக் கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"கோவிச்சிட்டான்" என்றாள். "பட்டினி போட்டதுக்குக் கோவிச்சிட்டான்."

நான் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போனேன். என்ன செய்யப் போகிறேன் என்று எனக்கே தெரியாது. கட்டையிலிருந்து கோப்பையை எடுத்தேன். படியில் குந்தினேன். சோற்றைப் பிசைந்து வாய்க்குள் வைத்தேன். செத்தவனுக்குப் படைத்ததைப் பறவை தொட முதல் பெற்றவன் தொடக் கூடாது. தெரியும். தெரிந்துதான் சாப்பிட்டேன். பருப்பை ஒதுக்கி, சோற்றை மட்டும் சாப்பிட்டேன்.

இரண்டாம் வாய் உள்ளே போகவில்லை. அழுகை வந்துவிட்டது. செத்த வீட்டில், சனம் முழுக்கப் பார்த்திருக்க, ஒரு சொட்டு விடாதவன் நான். இப்போது வாயில் சோற்றோடு, நடுப்பகலில், டோறிஸ் வேலிக்கு அங்கால் நிற்க, பெரிய சத்தமாகக் கத்தி அழுதேன். அழுதுகொண்டே சாப்பிட்டேன். பொரியல், கத்தரிக்காய், கடைசியில் ஒதுக்கிவைத்த பருப்பும். கோப்பையை வழித்துச் சாப்பிட்டேன்.

கதவு திறந்த சத்தம் கேட்டது. ஏசப் போகிறாள், அல்லது விழுந்துவிடப் போகிறாள் என்று நினைத்தேன். பவளம் வந்து எனக்குப் பக்கத்தில் படியில் இருந்தாள். வெறும் கோப்பையைப் பார்த்தாள். தம்பி சாப்பிட்டு முடிக்கும்போது கேட்கிற அதே குரலில் கேட்டாள்:

"உப்பு அளவா இருக்கே?"

"இருக்கு."

"இன்னும் கொஞ்சம் போடட்டே?"

"போடும்."

உள்ளே போய்ச் சோற்றுச் சட்டியோடு இன்னொரு கோப்பையும் எடுத்து வந்தாள். எனக்குப் போட்டாள். பிறகு தனக்கும் போட்டாள்.